கவாசாகி 88 வேவு விமானம்: ஒரு பழைய படத்தை வைத்து அது உருவான கதையைப் படிப்படியாகப் படிப்பது எப்படி

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே எடுத்த ஜப்பானிய ராணுவப் படங்களைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த விமானம் அடிக்கடி எதிர்ப்படும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். மேல் இறக்கை நீளம், கீழ் இறக்கை குட்டை. தீப்பெட்டியை நீட்டிவிட்டது போலத் தட்டையான பக்கங்கள். மேலே மூடி இல்லாத இரண்டு இருக்கைகள், முன்னும் பின்னுமாக. இறக்கையில் சிவப்பு வட்டம். படத்தின் அடியில் "88 வகை வேவு விமானம்" என்று ஒற்றை வரி இருக்கும். அதைத் தாண்டி யாரும் எதுவும் சொல்வதில்லை. புகழெல்லாம் பிறகு வந்த ஸீரோ போர் விமானத்துக்குப் போய்விட்டது.

ஆனால் ஜப்பானியர் விமானம் கட்டக் கற்றுக்கொண்ட விதத்தைத் தெரிந்துகொள்ள ஸீரோவை விட இது நல்ல பாடம் என்பது என் எண்ணம். ஸீரோவில் எல்லாம் வழுவழுப்பாக மறைந்துவிடும். இதில் எலும்பு வெளியே தெரிகிறது. இன்ஜின் எங்கிருந்து வந்தது, வடிவமைத்தவர் யார், ராணுவம் என்ன கேட்டது, பிறகு என்ன மாற்றியது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். அப்படிப் பிரிப்பதற்கான வழிமுறைதான் இது. விமான வரலாறு படிப்பவர்களுக்கும், சிறு மாதிரி விமானங்கள் கட்டுபவர்களுக்கும், படத்தைப் பார்த்து இனம் காண விரும்புபவர்களுக்கும் உதவும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பலர் வேகத்தையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்கு வருகிறார்கள். நாம் அவற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைப்போம்.

படி 1: பெயரிலிருந்து ஆண்டை எடுங்கள்

88 என்பது மாடல் எண் இல்லை, ஆண்டு. ஜிம்மு பேரரசர் அரியணை ஏறியதாக மரபு சொல்லும் கி.மு. 660இலிருந்து ஜப்பானியர் ஒரு பேரரசு ஆண்டைக் கணக்கிட்டார்கள். ராணுவம் ஒரு கருவியை ஏற்றுக்கொண்ட பேரரசு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் அதன் பெயராகும். 2588இலிருந்து 660ஐக் கழித்தால் 1928. அவ்வளவுதான் கணக்கு.

இந்தச் சூத்திரம் கைக்கு வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். 1940 பேரரசு ஆண்டு 2600. அந்த ஆண்டில் ஏற்கப்பட்ட விமானங்களைக் கடற்படை "0 வகை" என்றது, ராணுவம் "100 வகை" என்றது. ஸீரோவுக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

மீதிப் பாதிக் குழப்பத்துக்கு ஓர் எச்சரிக்கை. ஒரே ஆண்டில் ஏற்கப்பட்ட எல்லாவற்றுக்கும் அதே எண்தான். 1928இலேயே ஏற்கப்பட்ட 75 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியும் "88 வகை"தான். அதை ஜெர்மானியரின் 88 மில்லிமீட்டர் பீரங்கியோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் இன்னும் உண்டு. "95 வகை" என்று தேடினால் ராணுவத்தின் ஒரு போர் விமானம், கடற்படையின் ஒரு மிதவை விமானம், ஒரு டாங்கி என்று மூன்றும் வந்து நிற்கும். எனவே எண்ணோடு "வேவு விமானம்" என்ற சொல்லையும் கட்டாயம் சேர்த்துத் தேடுங்கள்.

இன்னொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: கே.டி.ஏ-2. ராணுவம் ஏற்பதற்கு முன் கவாசாகி நிறுவனம் தன் தொழிற்சாலைக்குள் வைத்திருந்த பெயர் இது. ஒரு குறிப்பில் கே.டி.ஏ-2 என்று இருந்தால் மாதிரி விமானத்தைப் பற்றிய பேச்சு என்றும், 88 என்று இருந்தால் படையில் சேர்ந்ததைப் பற்றிய பேச்சு என்றும் பெரும்பாலும் கொள்ளலாம்.

படி 2: அதற்கு முன் அந்த வேலையை யார் செய்தார்கள் என்று பாருங்கள்

எந்த விமானமும் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. ஒரு கிழட்டு விமானத்தின் இடத்தை நிரப்பத்தான் பிறக்கிறது. இங்கே அந்தக் கிழவர் பிரான்சின் சால்ம்சன் 2ஏ2.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல் பிரான்சிலிருந்து ஒரு ராணுவ விமானக் குழு கர்னல் ஃபோர் என்பவர் தலைமையில் ஜப்பானுக்கு வந்தது. பறப்பது, சுடுவது, வானிலிருந்து படம் எடுப்பது எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது. பாடத்தோடு விமானங்களும் வந்தன. அப்போது ஜப்பானிய ராணுவம் விமானங்களுக்குப் பெயரிட்ட முறையே அந்தக் காலத்தைச் சொல்லிவிடும். நியூபோர் என்றால் "கோ", சால்ம்சன் என்றால் "ஓட்ஸு", ஸ்பாட் என்றால் "ஹெய்". நம்முடைய அ, ஆ, இ போல வரிசைப் பெயர்கள், எல்லாமே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு. சால்ம்சன் "ஓட்ஸு 1 வகை வேவு விமானம்" ஆனது.

அதைக் கட்டியது யார்? கவாசாகி. கோபே நகரத்தில் கப்பல் கட்டிக்கொண்டிருந்த நிறுவனம் அது. அதன் தலைவர் மட்சுகதா கோஜிரோ ஐரோப்பாவில் ஓவியங்களை வாங்கிக் குவித்தவர் என்று உலகம் அறியும். டோக்கியோவின் மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் அவர் சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அதே ஐரோப்பியத் தொடர்புகள் வழியாகவே சால்ம்சன் விமானத்தைக் கட்டும் உரிமையும் கவாசாகிக்கு வந்தது. ககாமிகஹாராவில் விமானத்துக்கென்றே தனித் தொழிற்சாலையும் எழும்பியது. கவாசாகி சுமார் 300, ராணுவத்தின் சொந்தப் பட்டறைகள் ஏறத்தாழ அதே அளவு என்று மொத்தம் 600 அளவில் ஜப்பானில் கட்டப்பட்டன.

சால்ம்சன் நல்ல விமானம். ஆனால் அதன் குறைகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அவைதான் அடுத்த விமானத்துக்கான கேள்வித்தாள். மரமும் துணியுமான உடல். சுமார் 260 குதிரைத்திறன் இன்ஜின். மணிக்கு 185 கிலோமீட்டர் அளவில் வேகம். ஓட்டுபவரும் பின்னால் உட்கார்ந்து கவனிப்பவரும் ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். வேவு பார்க்கும் வேலையில் இது சின்ன விஷயம் இல்லை. "இடது பக்கம் திருப்பு, அந்தப் பாலத்தை இன்னொரு முறை பார்க்கணும்" என்று கவனிப்பவர் சொல்வது முன்னால் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் அல்லவா?

1925இல் ஜப்பானிய ராணுவத்தில் விமானப் பிரிவு தனிப்படைக் கிளையாக நின்றது. காலாட்படை, பீரங்கிப்படை போல அதுவும் ஒரு படை. இனி பத்து வயதுப் பிரெஞ்சு வடிவத்தை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

படி 3: இன்ஜினைப் பிடியுங்கள், மற்றது தானாக வரும்

இந்தப் படியில்தான் நிதானமாக நிற்க வேண்டும். 1920களில் விமானம் வடிவமைப்பது என்றால், கிடைக்கிற இன்ஜினைச் சுற்றி உடம்பு கட்டுவது என்று பொருள். இன்ஜின் எது என்று தெரிந்தால் மூக்கு ஏன் அப்படி இருக்கிறது, எடை எங்கே போயிற்று, பனிக்காலத்தில் என்ன பாடுபட்டது எல்லாம் புரியும்.

88இன் இன்ஜின் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ-6. இன்று கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த அதே நிறுவனம்தான். அதன் தொடக்கமே விமான இன்ஜின்தான். வி வடிவில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு என்று பன்னிரண்டு சிலிண்டர்கள். தண்ணீர் குளிர்விக்கும். கொள்ளளவு சுமார் 47 லிட்டர். நம் தெருவில் ஓடும் 1.2 லிட்டர் காரை நினைத்துப் பாருங்கள். அப்படி நாற்பது கார்களின் இன்ஜினை ஒரே மூக்கில் அடைத்தது போல. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து 500 முதல் 750 வரை குதிரைத்திறன் தந்தது. 88க்குப் பொதுவாகச் சொல்வது 600. சால்ம்சனை விட இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த இன்ஜினைக் கோபேயிலேயே தயாரிக்கும் லைசென்ஸைக் கவாசாகி வாங்கிவிட்டது. சூட்சுமம் இங்கேதான். போட்டிக்கு வரும் மற்றவர்கள் இன்ஜினுக்கு யாரிடமாவது கை நீட்ட வேண்டும். கவாசாகியிடம் சொந்த அடுப்பே இருக்கிறது. அந்த அடுப்பை விட மனமில்லாமல் கவாசாகி அடுத்த பத்தாண்டும் இதே இன்ஜின் குடும்பத்தைச் சுற்றியே விமானம் கட்டியது. 1930இல் பறந்த கே.டி.ஏ-5 போர் விமானம், 1935இல் வந்த கி-10, இரண்டின் மூக்கிலும் பி.எம்.டபிள்யூ-6இன் வம்சம்தான்.

ஒரு வேடிக்கையும் உண்டு. சோவியத் ஒன்றியமும் இதே இன்ஜினுக்கு லைசென்ஸ் வாங்கி எம்-17 என்ற பெயரில் செய்தது. இதே இன்ஜின் குடும்பத்தைப் பொருத்திய பொலிகார்ப்போவ் ஆர்-5 1928இல் முதன்முதலாகப் பறந்தது. அதுவும் இரட்டை இறக்கை வேவு விமானம், அதிலும் கீழ் இறக்கை குட்டை, ஆள் இரண்டு. பின்னாளில் மஞ்சூரிய எல்லையின் இரு பக்கமும் ஒரே ஜெர்மன் இன்ஜினின் பேரப்பிள்ளைகள் நின்றன.

படி 4: வடிவமைத்தவர் அங்கே எப்படி வந்தார் என்று கேளுங்கள்

கே.டி.ஏ-2ஐ வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஃபோக்ட் என்ற ஜெர்மானியர். 1894இல் பிறந்தவர், டோர்னியர் விமான நிறுவனத்தின் ஆள். ஜெர்மானியப் பொறியாளருக்குக் கோபேயில் என்ன வேலை?

விடை வெர்சாய் ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி ராணுவ விமானம் வைத்திருக்கக் கூடாது என்று தடை. கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு ஊரில் வேலை இல்லை; அதனால் தொழில் ஊர் ஊராகப் போயிற்று. டோர்னியர் உலோக விமானம் கட்டுவதில் தேர்ந்தது. உலோகத் தகடும் ரிவெட்டும் தெரிந்த கப்பல் கட்டும் நிறுவனமான கவாசாகிக்கு அது பொருத்தமான துணை. ஃபோக்ட் 1920களின் முதல் பாதியில் ஜப்பானுக்கு வந்து, 1933 வரை கவாசாகியின் தலைமை வடிவமைப்பாளராக இருந்தார்.

அவர் வேலையில் இன்னொரு பங்கும் இருந்தது: ஜப்பானிய இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது. 1927இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் முடித்து கவாசாகியில் சேர்ந்தார் தோய் தகேயோ. அவருடைய வகுப்புத் தோழர் ஹொரிகோஷி ஜிரோ அதே ஆண்டு மிட்சுபிஷிக்குப் போனார். பிறகு ஸீரோவை வடிவமைத்தார். தோய் ஃபோக்ட்டின் கீழ் வளர்ந்து, அவர் ஊர் திரும்பிய பின் அவருடைய இடத்துக்கு வந்தார். கி-61 ஹியென் போர் விமானம் தோயின் கைவண்ணம். அதிலும் ஜெர்மன் லைசென்ஸில் செய்த தண்ணீர்க் குளிர்ச்சி இன்ஜின்தான் என்பதைக் கவனியுங்கள். சுற்றியிருந்த ஜப்பானியப் போர் விமானங்கள் அப்போது பெரும்பாலும் காற்றுக் குளிர்ச்சிக்குப் போய்விட்டிருந்தன. குரு கொடுத்த பழக்கம் எளிதில் போகாது போலும்.

ஃபோக்ட்டின் பிந்தைய கதை நம் வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. ஜெர்மனி திரும்பி, பிறகு புளோம் உண்ட் ஃபோஸ் என்று அறியப்பட்ட நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் வடிவமைத்த பி.வி.-141 ஒரு வேவு விமானம்: இன்ஜினும் வாலும் ஒரு தண்டில், ஆட்கள் உட்காரும் கண்ணாடி அறை அதற்கு வலப்பக்கம் தனியாக. பார்த்தால் யாரோ பாதியில் தவறவிட்டது போல இருக்கும், ஆனால் அழகாகப் பறந்தது. நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் மூக்கை வழியிலிருந்து நகர்த்து என்பதுதான் அதன் தர்க்கம். போர் முடிந்ததும் அமெரிக்கா போனார்.

படி 5: போட்டியாளர்களையும் பக்கத்தில் வையுங்கள்

சால்ம்சனுக்கு மாற்று வேண்டும் என்று ராணுவம் கேட்டபோது கவாசாகியோடு மிட்சுபிஷியும் இஷிகவாஜிமாவும் களத்தில் இருந்தன. மிட்சுபிஷியின் விமானத்துக்குப் பெயர் "தொபி", அதாவது பருந்து. அங்கே ஆலோசகர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த பேராசிரியர் அலெக்சாண்டர் பவுமான். இஷிகவாஜிமாவின் டி-2க்குப் பின்னால் குஸ்டாவ் லாக்மான். இறக்கையின் முன்விளிம்பில் பிளவு வைத்தால் மெதுவாகப் பறக்கும்போதும் விமானம் விழாது என்று கண்டவர்களில் ஒருவர்.

மூன்று ஜப்பானிய நிறுவனங்கள், மூன்றுக்கும் ஜெர்மானிய மூளை. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வகுப்பு எடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். "ஜப்பானியர் நகல் எடுத்தார்கள்" என்ற பழைய வசனத்தை இந்த இடத்தில் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். ஆயத்த வடிவத்தை வாங்கிக் கட்டுவது சால்ம்சன் காலம். ஆளை வரவழைத்து, நம் தேவைக்கு நீ வரை என்று சொல்வது 88இன் காலம். நம் ஆளே வரைவது அதற்கடுத்த காலம். 88 நடுப்படியில் நிற்கிறது.

1927இல் கவாசாகி மூன்று மாதிரி விமானங்களைக் கட்டியது. சோதனைகளுக்குப் பிறகு 1928இல் அது வென்றது. அந்தக் காலச் சோதனை விளையாட்டில்லை. சில மாதங்கள் கழித்து நடந்த போர் விமானப் போட்டியில் மிட்சுபிஷியின் ஹயபுசா செங்குத்தாகப் பாயும்போது காற்றிலேயே உடைந்தது. ஓட்டியவர் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். அதே போட்டியில் கவாசாகியின் கே.டி.ஏ-3யும் தேறவில்லை. ஃபோக்ட் கைவைத்ததெல்லாம் வென்றது என்று நினைக்க வேண்டாம்.

படி 6: உடம்பைத் தட்டிப் பாருங்கள்

சரி, இப்போது விமானத்துக்கு வருவோம். மேல் இறக்கையின் நீளம் சுமார் 15 மீட்டர். உடல் 12 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆள், எரிபொருள் எல்லாம் ஏறினால் 2,850 கிலோ அளவில். உயர்ந்தபட்ச வேகம் மணிக்கு சுமார் 220 கிலோமீட்டர்.

எலும்புக்கூடு உலோகம். இறக்கையின் மேல் போர்த்தியது துணி. மரத்திலிருந்து உலோகத்துக்கு மாறியதுதான் சால்ம்சனிலிருந்து இதற்கு வந்த பெரிய தாவல்; வேகம் கூடியது இரண்டாம் பட்சம். மரம் ஈரத்தில் உப்பும், பசை விடும், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். உலோகத்தை ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் அடிக்கலாம். பின்னால் வரப்போகும் உற்பத்தி எண்ணிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் உலோகம் தெரிந்த ஃபோக்ட் ஏன் ஒற்றை இறக்கைக்குப் போகவில்லை? அந்தத் தலைமுறை வேவு விமானம் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். படையோடு கூடவே நகர வேண்டும். வயல்வெளி போன்ற குட்டைத் திடல்களில் இறங்க வேண்டும். பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று மெதுவாகச் சுற்றிச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் மெதுவாகப் பறந்தாலும் தாங்குகிற பெரிய இறக்கைப் பரப்பு வேண்டும். இரண்டு இறக்கைகளையும் கம்பாலும் கம்பியாலும் கட்டினால் எடை குறைவாகவே அந்தப் பரப்பு கிடைக்கும். விலையாகக் காற்றுத்தடை கூடும், வேகம் குறையும். கீழ் இறக்கையைக் குட்டையாக்கியதில் ஒரு லாபம், கீழே பார்க்கிறவர் கண்ணுக்கு மறைப்பு குறைகிறது. வேவு பார்ப்பவருக்கு இறக்கை என்பது தூக்கிப் பிடிக்கும் தோள். அதே நேரம் கண்ணை மறைக்கும் சுவர்.

ஆயுதம்: ஓட்டுபவருக்கு முன்னோக்கி ஒரு 7.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கி, பின்னால் கவனிப்பவருக்கு ஒன்று அல்லது இரண்டு. தற்காப்புக்கு மட்டும். இதில் நேரம் செலவிட வேண்டாம்.

படி 7: படத்தைப் பார்த்து வகை பிரியுங்கள்

மாதிரி கட்டுபவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கே. 88 ஒன்று இல்லை, மூன்று.

முதலில் மூக்கைப் பாருங்கள். பழைய லாரியின் முகம் போல முன்பக்கமே ரேடியேட்டர் தெரிந்தால், மூக்கு சப்பையாக நின்றால் அது 88-1. மூக்கு உருண்டு, கூம்பி, ரேடியேட்டர் அடிப்பக்கம் இறங்கியிருந்தால் 88-2. அடுத்து வாலைப் பாருங்கள். இரண்டாவதில் வாலின் வடிவத்தையும் மாற்றினார்கள். மூக்கு மங்கலாகத் தெரியும் படத்தில் வால் கைகொடுக்கும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது 88 இலகு குண்டுவீச்சு விமானம். இதை இனம் காண, உடலுக்கும் மேல் இறக்கையின் நடுப்பகுதிக்கும் இடையில் நிற்கும் கம்புகளை எண்ணுங்கள். குண்டுவீச்சு வகையில் அங்கே ஒரு ஜோடி கூடுதல். சுமை ஏறுவதால் கீழ் இறக்கையையும் பலப்படுத்தினார்கள். உடலின் அடியிலும் கீழ் இறக்கையின் அடியிலும் குண்டு தொங்கவிடும் கொக்கிகள் இருக்கும். 200 கிலோ வரை குண்டு தூக்கியது.

நான்கு பயணிகளுக்கு மூடிய அறையும், ஓட்டுபவருக்கு வழக்கம் போல வெயிலும் மழையுமாக கே.டி.சி-2 என்று ஒரு போக்குவரத்து வகையும் இருந்தது. கட்டியது இரண்டே இரண்டு. அது உங்கள் படத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

படி 8: எண்ணிக்கையைப் பிரித்துக் கூட்டுங்கள்

வேவு வகை, 1931 முடிவதற்குள், 710. இதை அப்படியே விழுங்காமல் பிரியுங்கள்: மூன்று மாதிரிகள், கவாசாகி கட்டியது 520, மீதி 187. அந்த 187ஐக் கட்டியது, போட்டியில் தோற்றதே அந்த இஷிகவாஜிமா. சில குறிப்புகளில் "தாச்சிகவா" என்று இருக்கும். குழம்ப வேண்டாம், அந்த நிறுவனம் பின்னால் எடுத்துக்கொண்ட பெயர் அது. தோற்றவரின் தொழிற்சாலையைப் பட்டினி போடாமல் வென்றவரின் வடிவத்தைக் கட்டச் சொல்வது ராணுவத்தின் கெட்டிக்காரத்தனம். போட்டியும் இருக்கும், ஆளும் கலையமாட்டார்கள்.

குண்டுவீச்சு வகை 1929 முதல் 1932 வரை 407. அதில் 37 தாச்சிகவாவின் பங்கு. ஆக மொத்தம் 1,117. ஒப்பிட ஓர் எண்: இதற்கு முந்தைய ஆண்டு ஏற்கப்பட்ட மிட்சுபிஷியின் 87 வகை இலகு குண்டுவீச்சு விமானம் 48 மட்டுமே கட்டப்பட்டது. வேவு பார்க்க வந்த விமானம், குண்டு போடுவதற்கென்றே செய்த விமானத்தின் இடத்தையும் பிடித்துக்கொண்டது.

கோபேயில் அப்போது நிலைமை சுகமாக இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1927இல் ஜப்பானில் வங்கி நெருக்கடி வந்து கவாசாகி கப்பல்துறையை ஆட்டிவைத்தது. மட்சுகதா பதவி விலகினார், ஓவியங்கள் கைமாறின. கே.டி.ஏ-2 முதலில் பறந்த ஆண்டும் அதே 1927தான்.

படி 9: போரில் அது என்ன ஆனது என்று பாருங்கள்

செப்டம்பர் 1931இல், வடகிழக்குச் சீனாவில் நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை மஞ்சூரியாவைப் பிடிக்கக் கிளம்பியது. 88 வேவு விமானங்கள் கூடவே போயின. படம் எடுத்தன, செய்தி கொண்டுபோயின. அக்டோபர் 8ஆம் தேதி ஜின்ஜோ நகரத்தின் மேல் பறந்தபோது அவை எடுத்துச் சென்றது கேமராவை மட்டும் இல்லை. 88களும், சீனப் படையிடமிருந்து பிடித்த பிரெஞ்சு பொட்டேஸ் 25 விமானங்களும் சேர்ந்து நகரத்தின் மேல் 25 கிலோ குண்டுகளைப் போட்டன. பெரிய குண்டுகள் இல்லை, விமானங்களும் ஒரு டஜன் அளவுதான். ஆனால் நகரம் ஒன்று வானிலிருந்து தாக்கப்பட்டது என்ற செய்தி ஜெனீவாவில் சர்வதேச சங்கம் வரை அதிர்ந்தது. மோதலைப் பெரிதாக்க மாட்டோம் என்ற ஜப்பானிய அரசின் பேச்சை அதற்குப் பிறகு நம்புவது கடினமாயிற்று.

விமானத்தின் வளர்ச்சி பற்றிய கட்டுரைகள் பலவும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடும். தாண்டாதீர்கள். படி 7இல் எண்ணிய கூடுதல் கம்புகள், கொக்கிகள், பலப்படுத்திய இறக்கை எல்லாம் யார் தலைக்கு மேல் போய் நின்றன என்பதும் வளர்ச்சியின் கணக்கில்தான் வரும்.

தொழில்நுட்பப் பக்கம் ஒன்று. மஞ்சூரியக் குளிர்காலத்தில் தண்ணீர் குளிர்விக்கும் இன்ஜின் பெரிய தொல்லை. தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். இதே இன்ஜின் பொருத்திய 92 வகைப் போர் விமானமும் அங்கே இதே பாடுதான் பட்டது.

1937இல் சீனாவோடு முழுப் போர் வெடித்தபோது 88இன் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆனாலும் குண்டுவீச்சு வகை சீன வானில் பறந்தது.

படி 10: அடுத்து வந்தவரைப் பார்த்து முடியுங்கள்

இதற்குப் பிறகு வந்த ராணுவ வேவு விமானங்களில் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஒன்று, நகாஜிமாவின் கி-4. பேரரசு ஆண்டு 2594, அதாவது 1934. பெயர் 94 வகை. இதுவும் இரட்டை இறக்கைதான், ஆனால் மூக்கில் வட்டமாகச் சிலிண்டர்களை அடுக்கிய காற்றுக் குளிர்ச்சி இன்ஜின். ரேடியேட்டர் இல்லை, உறைவதற்குத் தண்ணீர் இல்லை. வேகம் மணிக்கு 280ஐத் தாண்டியது. 516 கட்டினார்கள். ஜப்பானிய ராணுவத்தின் கடைசி இரட்டை இறக்கை வேவு விமானம் அது. கடற்படை மட்டும் கப்பலிலிருந்து கவண்போல எறிந்து ஏவும் மிதவை விமானங்களில் இரட்டை இறக்கையை இன்னும் சில காலம் விடாமல் வைத்திருந்தது. அங்கே மெதுவாகத் தண்ணீரில் இறங்குவதுதான் முக்கியம்.

இன்னொன்று, மிட்சுபிஷியின் கி-15. ஒற்றை இறக்கை, முழு உலோகம். அதன் ஒரு மாதிரியை ஒரு செய்தித்தாள் நிறுவனம் 'கமிகாஸே' என்று பெயரிட்டு, ஏப்ரல் 1937இல் டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு அனுப்பியது. நடுவில் இறங்கி ஏறியதெல்லாம் சேர்த்து 94 மணி நேரத்துக்குச் சற்று மேல். 88க்கும் இதற்கும் இடையில் பத்தே ஆண்டு.

நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜப்பான் போனால் கிஃபு மாவட்டத்தில் ககாமிகஹாரா விமான அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கவாசாகி தன் விமானத் தொழிற்சாலையை எழுப்பிய அதே ஊர். அங்கே சால்ம்சனின் முழு அளவு மறுவடிவம் இருக்கிறது, தோய் வடிவமைத்த ஹியென் அசலாகவே நிற்கிறது. முதலில் சால்ம்சனின் மரத்தையும் துணியையும் பாருங்கள். அப்புறம் ஹியெனுக்குப் போய் மூக்கைப் பாருங்கள்: கூர்மையாக, நீளமாக, ரேடியேட்டர் வயிற்றுக்கு அடியில்.